முன் கண்ணாடி ஓரத்தில் துரு: கண்ணாடியைக் கழற்றாமல் சரி செய்ய முடியுமா? (சீடியா 2007, குளச்சல்)

குளச்சல்_சீடியா:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி மிட்சுபிஷி சீடியா, 2007, இரண்டு லிட்டர் பெட்ரோல். கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள், பக்கச் சுவர் இல்லாத கொட்டகையில் நிற்கிறது. முன் கண்ணாடி கல் பட்டு உடைந்து 2019-ல் மாற்றியது.

இப்போது இடது கீழ் மூலையில், வைப்பர் பக்கம், பெயின்ட் இரண்டு இடத்தில் மிளகு அளவுக்குப் புடைத்திருக்கிறது. மேலே கூரை ஓரத்து மோல்டிங் ரப்பரை நகத்தால் தூக்கினால் அடியில் ஒரு சாண் நீளத்துக்குச் செம்பழுப்புக் கோடு. கனமழைக்கு மறுநாள் இடது பக்கம் கால் வைக்கிற இடத்தில் மேட் நனைந்து கிடக்கிறது.

டிங்கரிங் பட்டறையில், சுரண்டிப் பட்டி போட்டு டச்சப் அடித்தால் போதும் என்கிறார்கள். கண்ணாடி மாட்டுகிறவர், ரப்பருக்கு அடியில் சிலிக்கான் விட்டு அடைத்துவிடலாம் என்கிறார். கண்ணாடியைக் கழற்றாமல் முடியுமா? கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால் என்ன வரிசையில் செய்ய வேண்டும், எந்த மாதம் நல்லது?

தக்கலை_பட்டறை:

அண்ணே, ரெண்டு யோசனையும் வேண்டாம். கண்ணாடியக் கழற்றியே ஆகணும்.

சீடியாவுல கண்ணாடி பி.யு. (பாலியூரிதேன்) பசையில நேரா தகட்டு விளிம்போட ஒட்டியிருக்கு. வெளிய தெரியுற மிளகுப் புடைப்பு துருவோட கடைசி முனை. அது பிறந்த இடம் பசைக்கு அடியில. கூரை ஓரத்துல ஒரு சாண் கோடு தெரியுதுன்னா, பசைக்குள்ள அதவிட நீளமா ஓடியிருக்கும்னு வச்சுக்கிடுங்க.

2019-ல என்ன நடந்திருக்கும்னா, பழைய பசைய அறுக்கும்போது கத்தி முனை பெயின்ட்டையும் அதுக்கு அடியில உள்ள கம்பெனி பிரைமர் பூச்சையும் கீறி வெறும் இரும்பு வரைக்கும் போயிருக்கும். அந்தக் கீறல்ல பிரைமர் தொடாம புதுப் பசைய இழுத்து விட்டிருப்பாங்க. வெளிய ஒண்ணும் தெரியாது. உள்ள கீறல் துருப்பிடிக்கும். துரு, தான் தின்ன இரும்பவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். அதனால பசையை அடியில இருந்து தூக்கும். தூக்கின இடைவெளியில தண்ணி, தண்ணியோட உப்பு, அப்புறம் இன்னும் துரு. போர்ஷே 911-க்கு 1976 மாடல் முதல் துத்தநாகம் பூசின தகடுதான், ஆனா கண்ணாடிக் கத்தி அந்தப் பூச்ச வெட்டிட்டா அங்கயும் இதே கதைதான். பழைய ஸ்போர்ட்ஸ் கார் எதை வாங்கினாலும் முதல்ல கேட்க வேண்டியது, கண்ணாடி எத்தனை தடவை மாத்தினதுன்னு.

சிலிக்கான் ஏன் கூடாது? காடி வாசனை வருமே, அந்த வகை சிலிக்கான் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும். வெறும் இரும்புல அதுவே துருவுக்குத் தீனி. அதோட, சிலிக்கான் பட்ட இடத்துல பின்னால பி.யு. பசையும் ஒட்டாது, பெயின்ட்டும் மீன்கண் மாதிரி விலகி நிக்கும். சுத்தமா எடுக்கிறது பெரும்பாடு. பட்டி போட்டா அது தண்ணிய உறிஞ்சும். பின்பக்கம் இருந்து ஈரம் வர்ற இடத்துல ரெண்டு மழைக்காலம் கூடத் தாங்காது.

இன்னொரு விஷயம். ஒட்டின கண்ணாடி வண்டியோட பலத்துல ஒரு பங்கு. வண்டி உருண்டா கூரைய அது தாங்கும். பக்கத்து சீட்டுக்கு ஏர்பேக் இருந்தா அது விரியும்போது கண்ணாடி மேல சாஞ்சுதான் நிக்கும். துரு மேல ஒட்டின பசை துருவோட சேந்து உரிஞ்சு வரும். அதனால இது அழகு சம்பந்தப்பட்ட வேலை மட்டும்னு யாரும் நினைக்கக் கூடாது.

கழற்றுறதுக்கு முன்னால ஒரு சோதனை. மேட் ஈரத்துக்குக் காரணம் கண்ணாடிதானான்னு பாத்துக்கிடுங்க. வைப்பருக்கு அடியில உள்ள பிளாஸ்டிக் மூடியத் தூக்கினா தண்ணி இறங்குற வழி ரெண்டு பக்கமும் இருக்கும். தென்னம்பூவும் வேப்பிலையும் மக்கி அது அடைச்சா, தண்ணி நிரம்பி ஏசி காத்து இழுக்கிற வழியா உள்ள இறங்கும். அத சுத்தம் பண்ணிட்டு ஹோஸ் வைங்க. பிரஷர் வேண்டாம், சும்மா வழியுற தண்ணி. கீழ் ஓரத்துல அஞ்சு நிமிஷம், அப்புறம் பக்க ஓரம், கடைசியாக் கூரை ஓரம். மேல இருந்து ஆரம்பிச்சா எல்லா இடமும் சேந்து நனைஞ்சு எது ஓட்டைன்னு தெரியாது. உள்ள ஒருத்தர் டார்ச்சோட, கண்ணாடிப் பக்கத்துத் தூணோட (பில்லர்) பிளாஸ்டிக்கைக் கழற்றி வச்சு, ஓரத்துல முகப்பவுடர் தூவி உட்காரணும். தண்ணி வந்த தடம் பவுடர்ல கோடா விழும்.

கழற்றும்போது கத்தி வேண்டாம், முறுக்குக் கம்பி கேளுங்க. உள்ள ஒருத்தர் வெளிய ஒருத்தர்னு ரெண்டு மரக்கைப்பிடியில கட்டி இழுத்தா கம்பி பசையில மட்டும் ஓடும். விளிம்புப் பக்கம் சாய்ச்சு இழுத்தா கம்பியும் பெயின்ட்டைக் கீறும், கண்ணாடிப் பக்கமே ஒட்டி இழுக்கணும். புது மோல்டிங்கை முன்னாலேயே வாங்கி வச்சுக்கிடுங்க. பழசு திரும்ப உட்காராது.

முட்டம்_உப்புக்காற்று:

மேலே சொன்னதெல்லாம் சரி. கடலோர வண்டிக்கு அதற்கு மேலும் ஒரு வேலை இருக்கிறது. பெரும்பாலான பட்டறைகளில் இதை யாரும் செய்வதில்லை.

துருவின் குழிகளுக்குள் குளோரைடு உப்பு உட்கார்ந்திருக்கும். வயர் பிரஷ் வைத்துத் தேய்த்தால் மேலே இரும்பு பளபளவென்று தெரியும், குழியின் அடியில் கரும்புள்ளியாக உப்பும் துருவும் அப்படியே இருக்கும். அதன்மேல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிரைமர் அடித்தாலும் உப்பு ஈரத்தை உள்ளே இழுக்கும். ஆறு மாதத்தில் அதே இடத்தில் மறுபடி புடைக்கும். அதனால் தேய்ப்பதற்கு முன்பும் தேய்த்த பின்பும் கழுவ வேண்டும்.

எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதும் முக்கியம். கடற்கரைப் பக்கம் போர்வெல் தண்ணீரே உவர்ப்பு. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், முன் கண்ணாடி விளிம்பு முழுவதுக்கும் போதும். முதலில் 80-ஆம் நம்பர் உப்புத்தாளால் பொருக்கை எடுத்துவிட்டு, நைலான் பிரஷ்ஷை அந்தத் தண்ணீரில் நனைத்துக் குழிகளைத் தேய்த்து, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். இதை நான்கைந்து முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் ஹீட் கன் அல்லது வெயிலில் உலர வைத்தால் குழிக்குள்ளிருந்து புதிதாக மஞ்சள் கசியும். அது இன்னும் உப்பு இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

உறுதியாகத் தெரிய வேண்டுமா? பஞ்சை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்துக் குழியின் மேல் ஒரு நிமிடம் அழுத்தி வையுங்கள். அந்தப் பஞ்சை ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் பிழிந்து, பள்ளி ஆய்வகத்தில் பயன்படுத்தும் வெள்ளி நைட்ரேட் கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்தால் குளோரைடு இருக்கிறது. தெளிவாக நின்றால் அடுத்த வேலைக்குப் போகலாம். வெறும் டிஸ்டில்டு வாட்டரிலும் ஒரு சொட்டு விட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். கையுறை கட்டாயம், தோலில் பட்டால் கறுப்பாகி நாள்கணக்கில் போகாது.

குழி ஆழமாக இருந்தால் உப்புத்தாள் எட்டாது. சின்ன ஸ்பாட் பிளாஸ்டிங் கன்னில் 80 மெஷ் கார்னெட் (செந்நிறக் கடினக் கல்மணல்) வைத்து அடித்தால் குழியின் அடி வரை சாம்பல் நிறத்துக்கு வரும். கார்னெட் என்றதும் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் செம்மணல் கிடக்கிறதே என்று யாரும் அள்ளிக்கொண்டு வர வேண்டாம். அந்த மணலில் உப்பு இருக்கிறது, கூடவே கதிரியக்கம் உள்ள மோனசைட்டும் கலந்திருக்கிறது. பிரித்துக் கழுவி மூட்டையில் விற்கும் கார்னெட்தான் பிளாஸ்டிங்குக்கு. ஆற்றுமணலும் கூடாது, அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும்.

மாதம் கேட்டீர்கள். நம் மாவட்டத்தில் ஜூனிலிருந்து தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்த கையோடு அக்டோபரில் வடகிழக்கு. தை பிறந்தபின் பங்குனிக்குள் முடித்துவிடுவது நல்லது. நாளிலும் காலை 11-லிருந்து பிற்பகல் 3 வரைக்குள் பிரைமர் அடியுங்கள். காலையில் தகடு குளிர்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத ஈரம் படிந்திருக்கும். தகட்டின் வெப்பம் பனிப்படிவு நிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம்) குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பெயின்டர்கள் வைத்திருக்கும் கணக்கு.

தக்கலை_பட்டறை:

உப்பு கழுவுற விஷயம் ரொம்ப சரி. ரஸ்ட் கன்வெர்ட்டர் பத்தி யாராவது கேக்கிறதுக்கு முன்ன நானே சொல்லிடுறேன். தடவினா துரு கறுப்பாகும், வேலை முடிஞ்ச மாதிரி இருக்கும். ஆனா நிறைய எபாக்சி பிரைமர் அது மேல சரியாப் பிடிக்காது. பாஸ்பரிக் அமிலம் தொட்டாலும் அதே கதைதான், நல்லாக் கழுவிக் காய வைக்காம எபாக்சி அடிச்சா தோலா உரியும். கையும் கருவியும் எட்டாத பெட்டி மாதிரி இடத்துக்குள்ள மட்டும் கன்வெர்ட்டர் வச்சுக்கிடுங்க. கண்ணாடி ஒட்டுற விளிம்புல வேண்டவே வேண்டாம்.

முட்டம்_உப்புக்காற்று:

இதில் எனக்குச் சின்ன மாற்றுக் கருத்து. பிளாஸ்டிங் கன் கிடைக்காத இடத்தில் பாஸ்பரிக் அமில ஜெல் குழிக்கு நல்ல மருந்துதான். உலர விடாமல் ஈரமாகவே வைத்து, கறுத்த பின் கழுவி, மறுபடி 80-ஆம் நம்பரால் தேய்த்துவிட்டால் எபாக்சி பிடிக்கும். உலர்ந்து வெள்ளைப் பொடியாக விடுவதில்தான் கேடு வருகிறது.

குளச்சல்_சீடியா:

இருவருக்கும் மிக்க நன்றி. கண்ணாடியை முறுக்குக் கம்பியால் உடையாமல் எடுத்தாயிற்று. கூரை ஓரத்தில் குழிகள் மட்டும், ஆணியால் குத்தினால் இறங்கவில்லை. இடது கீழ் மூலையில் ஆணி உள்ளே போய்விட்டது. சுரண்டியபின் சுண்டுவிரல் நீளத்துக்கு ஓட்டை. பசை இருந்த இடமே அரிசி உமி மாதிரி அடுக்கடுக்காக உதிர்கிறது. பட்டறையில் பித்தளை வைத்து கேஸ் வெல்டிங் பிடிக்கலாம் என்கிறார்கள். சரியா?

தக்கலை_பட்டறை:

பித்தளை வேண்டாம். கேஸ் சூட்டுல மூலை முறுக்கிக்கும், அதோட பித்தளைக்குப் போடுற பொடி மிச்சம் இருந்தா அதுவே ஈரத்த இழுத்துத் துருவாகும். சி.ஓ.டூ வெல்டிங் இருக்கிற பட்டறைக்குப் போங்க. ஆர்கான் கலந்த வாயு இருந்தா தெறிப்பு குறையும், இன்னும் நல்லது.

உமி மாதிரி உதிருதுன்னு சொன்னீங்களே, அங்க ரெண்டு தகடு சேந்து ஸ்பாட் வெல்டு ஆகியிருக்கும். துரு ரெண்டுக்கும் நடுவுல புகுந்திருக்கு. மேல்தகட்ட மட்டும் ஒட்டுப் போட்டா கீழ இருக்கிறது மறுபடி மேல வரும். ஆணி இறங்காத கெட்டி இரும்பு வர்ற வரைக்கும், அதுக்கு அப்பாலயும் ஒரு செ.மீ. தள்ளி வெட்டணும். வெட்டுறதுக்கு முன்ன நல்லா இருக்கிற வலது மூலையில அட்டைய வச்சு அச்சு எடுத்துத் திருப்பிப் போட்டுக்கிடுங்க. வெட்டின பிறகு அளவு எடுக்க ஒண்ணும் மிஞ்சாது.

0.8 மி.மீ. சி.ஆர்.சி. தகடு (சூடு இல்லாம உருட்டின எஃகுத் தகடு) போதும். முழு மூலையையும் ஒரே துண்டா வளைக்க முயற்சி செய்யாதீங்க; ரெண்டு மூணு துண்டாப் பண்ணினாத்தான் வளைவு சரியா வரும். விளிம்போட விளிம்பு முட்டுற மாதிரி வச்சு, பின்னால செம்புத் தகடு பிடிச்சு, 0.8 கம்பியில புள்ளி புள்ளியா வைங்க. ஒரு புள்ளி இங்க, அடுத்தது எதிர் முனையில, கை வச்சுப் பாத்துச் சூடு தணிஞ்ச பிறகு அடுத்தது. கோடா இழுத்தா தகடு அலையாகும். ஸ்பாட் வெல்டு இருந்த இடத்துல மேல்தகட்டுல 6 மி.மீ. துளை போட்டு நிரப்புங்க. ரெண்டு தகடும் முட்டுற முகத்துல வெல்டிங் தாங்குற துத்தநாக பிரைமர் அடிச்சிருக்கணும்.

வெல்டிங்குக்கு முன்ன பேட்டரிய ரெண்டு முனையிலயும் கழற்றுங்க. டேஷ்போர்டு மேல ஈரக் கம்பளி. கதவுக் கண்ணாடியையும் மூடணும், பொறி பட்டா கண்ணாடியில குழி விழும், அது எதுலயும் போகாது.

அடுத்தது ரொம்ப முக்கியம். வெல்டிங் மேடு ஒரு மி.மீ. தூக்கி நின்னாலே கண்ணாடி அங்க அழுந்தும். மாட்டும்போது ஒண்ணும் ஆகாது. ஒரு நாள் வெயில்ல நின்னு மழை பட்டதும் அந்த மூலையில இருந்து விரிசல் ஓடும். எல்லாரும் கண்ணாடியத்தான் குறை சொல்லுவாங்க. இதப் பாக்குறதுக்குப் பிள்ளைங்க விளையாடுற களிமண் போதும். சுண்டைக்கா அளவு உருண்டையா 30 செ.மீ.க்கு ஒண்ணு விளிம்பு முழுக்க வச்சு, மேல ஒரு நனைச்ச பாலித்தீன் துண்டு போட்டு, கண்ணாடிய இறக்கி நாலு பக்கமும் மெதுவா அழுத்தி எடுங்க. ஒவ்வொரு உருண்டையும் எவ்வளவு தடிமனா நசுங்கியிருக்குன்னு அளந்து பாருங்க. பக்கத்துப் பக்கத்து உருண்டைக்கு ஒரு மி.மீ.க்கு மேல வித்தியாசம் இருந்தா அங்க மேடு இருக்கு, அரைக்கணும். அப்புறம் களிமண் எண்ணெய் ஒட்டு இல்லாம துடைச்சிடணும்.

முட்டம்_உப்புக்காற்று:

வெறும் இரும்பாக்கி நிறுத்திவிட்டு மறுநாள் பிரைமர் அடிக்கலாம் என்று விடாதீர்கள். குளச்சல் காற்றில் ராத்திரிக்குள் மஞ்சள் பூத்துவிடும். கடைசித் தேய்ப்பிலிருந்து முதல் பூச்சு வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. வெறுங்கையால் தொடக் கூடாது, வியர்வையும் உப்புதான்.

இரண்டு டப்பா கலக்கும் எபாக்சி பிரைமர். விளிம்பு மட்டும் என்றால் கலந்தபின் 100 மில்லி தாராளம். டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தைக் கண்ணளவில் கலக்காமல் ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள். கெட்டிப்படுத்தும் பாகம் குறைந்தால் மேலே காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே கொழகொழப்பாக நிற்கும், பசை அதை உரித்தெடுக்கும். இரண்டு பூச்சு, உலர்ந்த கனம் 60–80 மைக்ரான். கம்ப்ரசர் டேங்க் தண்ணீரை முதலில் திறந்து விட்டுவிடுங்கள்.

கலர் பெயின்ட் பசை உட்காரும் இடத்தில் வரக் கூடாது. அந்தப் பட்டையை மாஸ்கிங் டேப்பால் மறைத்துவிட்டு வெளிப்பக்கம் மட்டும் அடியுங்கள். பசை எபாக்சியைப் பிடிக்க வேண்டும், எபாக்சி இரும்பைப் பிடிக்க வேண்டும். நடுவே மென்மையான ஒரு அடுக்கு இருந்தால் இழுவையெல்லாம் அதன்மேல் விழும். குழிகளை நிரப்ப ஆசைப்பட்டு விளிம்பில் பட்டி போடவும் வேண்டாம். குழி குழியாகவே இருக்கட்டும். எபாக்சி உள்ளே இறங்கியிருந்தால் அது பலமான இடம்தான்.

பிரைமர் காயும் நாட்களில் வண்டியின் மேல் பாலித்தீனை ஒட்டிப் போர்த்தாதீர்கள், உள்ளே வியர்க்கும். நான்கு கம்பு நட்டுத் தார்ப்பாயைக் கூரையாகக் கட்டுங்கள், பக்கம் திறந்திருக்கட்டும்.

மார்த்தாண்டம்_கிளாஸ்:

ஒட்டுற பகுதிய நான் சொல்றேன்.

எபாக்சி குறைஞ்சது மூணு நாள், முடிஞ்சா ஒரு வாரம் காயணும். டப்பா என்ன நாள் சொல்லுதோ அதுக்கு முன்ன ஒட்டாதீங்க.

பசை வாங்கும்போது காலாவதித் தேதி பாருங்க. பி.யு. பசை காத்துல உள்ள ஈரத்தால இறுகுறது, டியூபுக்குள்ளேயே ஈரம் புகுந்து பாதி இறுகின சரக்கு நிறையக் கிடக்குது. டியூபை அமுக்கினா கட்டி தட்டினா திருப்பிக் குடுத்துடுங்க. கணக்கு: நாசில் முனைய 8 மி.மீ. அகலம், 12 மி.மீ. உயரத்துக்கு முக்கோணமா வெட்டுறோம். சுற்றளவு 4 மீட்டர்னு வச்சா கிட்டத்தட்ட 190 மில்லி பசை. ஒரு 310 மில்லி டியூப் போதும், ஆனா ரெண்டு வச்சுக்கிடுங்க. நடுவுல தீர்ந்து கடைக்கு ஓடினா, திரும்பி வரும்போது முதல்ல விட்டது தோல் கட்டியிருக்கும், அங்கதான் ஒழுகும்.

துரு இல்லாத இடத்துல பழைய பசைய முழுசா உரிக்காதீங்க. ஒண்ணு ரெண்டு மி.மீ. கனத்துக்கு விட்டுச் சீவினா போதும். புதுப் பசை பழசு மேல நல்லாப் பிடிக்கும், பெயின்ட்டும் கீறாது. சீவும்போது தெரியாமப் பட்ட ஒவ்வொரு கீறலுக்கும் கறுப்பு பிரைமர் தொட்டு வைக்கணும், நூல் மாதிரி இருந்தாலும் விடக் கூடாது. இந்த ஒரு வேலைக்கு அஞ்சு நிமிஷம்தான் ஆகும். இத விட்டதாலதான் இந்த இழையே ஆரம்பிச்சிருக்கு.

கண்ணாடியோட கறுப்புப் பட்டையை ஐசோபுரொபைல் ஆல்கஹால்ல ஈரத்துணியால துடைச்சு, உடனே காஞ்ச துணியால இன்னொரு தடவை. அப்புறம் கண்ணாடி பிரைமர், ஒரே திசையில ஒரே இழுப்பு. பாட்டிலை ஒரு நிமிஷம் நல்லாக் குலுக்கின பிறகுதான் திறக்கணும். பிரைமர் காயுற நேரம் பாட்டில்ல எழுதியிருக்கும், பல வகைக்கும் 10–15 நிமிஷம். அந்த நேரம் முழுக்க விரல் படக் கூடாது.

பசைய நிறுத்தாம ஒரே சுத்து. சேர்ற இடம் கீழ் ஓரத்துல வேண்டாம், தண்ணி நிக்கிற இடம். பக்க ஓரத்துல நடுவுல வைங்க. பசை விட்ட பத்து நிமிஷத்துக்குள்ள கண்ணாடி இறங்கணும். கீழ ரப்பர் கட்டை ரெண்டும் இருக்கான்னு பாருங்க. இல்லன்னா கண்ணாடி வழுக்கி இறங்கி தகட்டுல முட்டும். மேல டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்க. அந்த ஒரு நாள் கதவுக் கண்ணாடி ஒண்ண ரெண்டு விரல் இறக்கி வைக்கணும். எல்லாம் மூடியிருக்கும்போது கதவை அடிச்சா உள்காத்து பச்சைப் பசையத் தள்ளி வழி பண்ணிடும். நம்ம ஊர் ஈரக் காத்துல பசை சீக்கிரமே இறுகும், ஆனாலும் டியூப்ல போட்ட நேரத்துக்கு முன்ன வண்டிய எடுக்காதீங்க.

நாகர்கோவில்_ஹெரால்டு:

இடையில் ஒரு கேள்வி. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு இரண்டு கதவு, 1964. இதில் பசை கிடையாது, கண்ணாடி ரப்பரில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பருக்குக் கீழே துரு நீர் வழிந்த கறை. இதற்கும் இதே முறைதானா?

தக்கலை_பட்டறை:

தகட்டு வேலை அதேதான் சார். மாட்டுற முறைதான் வேற. 1964 ரப்பர் இப்ப கல்லாயிருக்கும், சுருங்கி மூலையில வாய் திறந்திருக்கும். அத நெம்பி எடுக்காம அறுத்து எடுத்துடுங்க, கண்ணாடியாவது தப்பிக்கும். புது ரப்பர் வாங்கி, கண்ணாடியில முதல்ல ரப்பரை மாட்டி, வெளிப்பள்ளத்துல 4–5 மி.மீ. நைலான் கயிறு சுத்தி, ரெண்டு முனையும் கீழ நடுவுல உள்பக்கமா வர்ற மாதிரி விடுங்க. சோப்புத் தண்ணி தடவி, வெளிய ஒருத்தர் உள்ளங்கையால அழுத்த, உள்ள ஒருத்தர் கயிற்றை இழுத்தா ரப்பர் உதடு தகட்டைத் தாண்டி உள்ள வந்து உட்காரும். அழகுக்கீற்று கடைசியா. ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவுல இறுகாத வகை மாஸ்டிக் (இடைவெளி அடைக்கிற பசை) விடுங்க, பி.யு. விட்டா அடுத்த தடவை கழற்றும்போது கண்ணாடி உடையும்.

ஹெரால்டுல இன்னொண்ணு. கூரை தனியாப் போல்ட்ல கழலுற வண்டி. கண்ணாடிச் சட்டத்துக்கும் கூரைக்கும் நடுவுல உள்ள ரப்பர் போனாலும் தண்ணி அதே மூலையிலதான் வழியும். முதல்ல அதப் பாருங்க. ஸ்டீல் கீற்று, கிளிப் பிடிக்கிற இடமெல்லாம் பெயின்ட் தேஞ்சு இரும்பு தெரியும். கிளிப்புக்கு அடியில பியூட்டைல் டேப் (ஒட்டுற ரப்பர் நாடா) ஒரு துண்டு வச்சிடுங்க.

குளச்சல்_சீடியா:

கடைசியாக ஒன்று. எல்லாம் முடிந்தபின், மறுபடி வராமல் இருக்க மாதாமாதம் என்ன செய்ய வேண்டும்?

முட்டம்_உப்புக்காற்று:

முதலில் ஒட்டி முடித்து ஒரு வாரம் கழித்து, பில்லரின் உட்பக்கத் துளைகள் வழியாக நீளக் குழாய் விட்டு கேவிட்டி வேக்ஸ் (உள்ளறைகளில் துரு வராமல் காக்கும் மெழுகு) அடியுங்கள். வெல்டிங்கில் பின்பக்கம் எரிந்த பெயின்ட்டுக்கு அது ஒன்றுதான் காப்பு. ஒட்டுவதற்கு முன் அடித்தால் வேக்ஸ் விளிம்புக்குக் கசிந்து பசையைக் கெடுக்கும். பழைய எஞ்சின் ஆயில் ஊற்றுகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள், அதில் அமிலம் சேர்ந்திருக்கும், ரப்பரையும் ஊற வைக்கும்.

வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவும்போது ஹோஸை மோல்டிங் ஓரத்திலும், வைப்பர் மூடிக்கு அடியிலும், கதவுக் கண்ணாடி இறங்கும் ரப்பரிலும் ஒரு நிமிடம் பிடியுங்கள். மழை பெய்கிற வாரத்தைவிட மழையே இல்லாமல் கடற்காற்று மட்டும் அடிக்கிற வாரத்தில் இது அவசியம். மழை உப்பைக் கழுவிவிடும், காற்று சேர்த்துக்கொண்டே போகும். கதவின் அடியில் உள்ள தண்ணீர்த் துளைகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிளாஸ்டிக் டை முனையால் குத்தி விடுங்கள், கம்பியால் குத்தினால் பெயின்ட் போகும். பின் கண்ணாடியின் கீழ் மூலைகளையும் இதே கண்ணோடு பாருங்கள், அங்கும் இதே மாதிரிப் பசைதான்.

கொட்டகையில் நிற்கும் வண்டிக்கு நீர் புகாத கவர் போடாதீர்கள். ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, அதன் ஓரம் காற்றில் ஆடி மோல்டிங் பக்கத்துப் பெயின்ட்டை மணலோடு சேர்த்துத் தேய்க்கும். போட்டே ஆக வேண்டுமென்றால் பருத்தி, அதுவும் வண்டியைக் கழுவி உலர்ந்த பிறகு.

மார்த்தாண்டம்_கிளாஸ்:

இனி எப்பவாவது கண்ணாடி மாத்தினா, பழைய கண்ணாடி வெளிய வந்ததும் புதுசு இறங்குறதுக்கு முன்ன பக்கத்துல நின்னு விளிம்பை போன்ல படம் எடுத்துக்கிடுங்க. எங்க கீறல் இருக்குன்னு நீங்களே விரல் வச்சுக் காட்டி, பிரைமர் தொடச் சொல்லி, அது காஞ்ச பிறகு பசை விடச் சொல்லுங்க.